கேட்டாண்ட விழுந்த பூமி

போன வெள்ளிக்கிழமை காலையில், ஸ்கூல் கேட்டாண்ட, ஒரு பூமியைத் தொலைத்துவிட்டேன்.

சிரிக்காதீங்க. நானே உருட்டி, நானே நீலம் பூசி, நானே சூளையில் வேக வைத்த பூமி. பேப்பரைப் பிரித்தேன்... ஒரு தும்மல்... அவ்வளவுதான். எங்கே போய் விழுந்ததோ!

எவ்வளவு பெரிசு என்றா கேட்கிறீர்கள்? கடுகை விடக் கொஞ்சம் பெரிசு, கம்பு மணியை விடக் கொஞ்சம் சின்னது. சரியாகச் சொன்னால் ரெண்டு புள்ளி ஒண்ணு மில்லிமீட்டர். அந்தப் 'புள்ளி ஒண்ணு'தான் அந்த வாரம் என்னைப் பாடாய்ப் படுத்தியது.

எனக்கு என்ன வேலை என்பது வாராவாரம் படிக்கிறவர்களுக்குத் தெரியும். புதுசாக வந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. விருத்தாசலத்தில் ஒரு செராமிக் யூனிட்டில் செக்கிங் வேலை. கரண்டு மீட்டர் பக்கத்தில் வெள்ளை வெளேரென்று பீங்கானில் ஃபியூஸ் கேரியர் இருக்குமே, அதில் மேல் பாகத்தை ஒருத்தர் செய்வார், கீழ் பாகத்தை இன்னொருத்தர் செய்வார். ரெண்டும் வெந்து வந்த பிறகு ஒன்றோடு ஒன்று பொருந்த வேண்டும். பொருந்தினால் 'பாஸ்'. பொருந்தாவிட்டால் 'ரிஜெக்ட்'. அதைச் சொல்கிறவள் நான். கையில் எப்போதும் வெர்னியர் இருக்கும் — மயிரிழையைக்கூட இடுக்கிப் பிடித்து அளக்கிற இரும்புக் கருவி.

எனக்கு எழுத்தில் சந்தேகம் வரும். இந்தப் பத்தியையே எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன். எந்த 'ன', எந்த 'ண' என்பதைப் பத்திரிகை ஆபீஸில் பார்த்துக்கொள்கிறார்கள். ஆனால் அளவில் சந்தேகம் வந்ததே இல்லை. அப்படித்தான் போன மாசம் வரைக்கும் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

போன மாசக் கடைசியில் கவிதா டீச்சர் யூனிட்டுக்கு வந்தாங்க. எங்கள் தெருக்கோடியில் இருக்கிற ஸ்கூலில் சயின்ஸ் டீச்சர். கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து பஸ்ஸில் வருகிற பொண்ணு. வந்து ஆறு மாசம்தான் ஆகிறது.

"அம்மா, ஸ்கூலுல கண்காட்சி வெக்கிறோம். எனக்கு ஒரு சூரியனும் ஒரு பூமியும் வேணும்."

"வெச்சிருந்தா தர மாட்டனா?" என்றேன்.

"வெளையாட்டில்லம்மா. புஸ்தகத்துல சூரியனை ஆரஞ்சுப் பழம் மாதிரியும் பூமியை நெல்லிக்காய் மாதிரியும் போட்டிருக்குது. பிள்ளைங்க அதையே நெசம்னு நெனச்சிக்கிதுங்க. நெச அளவுல காட்டணும். சூரியனோட அகலத்துல வரிசையா நூத்தி ஒம்போது பூமியை அடுக்கலாம்."

நூற்றி ஒன்பதா! நான் இத்தனை வருஷம் பார்த்த சூரியன் ஒரு தட்டு அளவுதான் இருந்தது. ஏமாந்துதான் போயிருக்கிறேன்.

கேட்டுத் தூண் மேலே வைப்பார்களே, உருண்டை... அதுதான் எங்களிடம் இருக்கிற பெரிய பந்து. பிளாஸ்டர் அச்சைக் கொண்டுவந்து காட்டினேன். டீச்சர் உள்ளே ஸ்கேலை வைத்து அளந்தாங்க. பத்து அங்குலம். ஃபோனில் வகுத்தாங்க. ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்தாங்க — 'பூமி 2.3 மி.மீ.'

அந்தத் தாளை வெர்னியர் பெட்டிக்குள் பத்திரமாக வைத்தேன். தப்பு அங்கேதான் ஆரம்பித்தது. அதை அப்புறம் சொல்கிறேன்.

ரெண்டாம் நாள் அந்த ஸ்கூலின் எச்.எம். சாரே வந்துவிட்டார். கூடவே டீச்சர், முகம் வாடி.

"அம்மா, பூமி கடுகத்தனை இருக்கும்னு டீச்சர் சொல்றாங்க. கண்காட்சிக்கு நாலு பெரிய மனுசங்க வருவாங்க. 'பூமி எங்க?'ன்னு கேட்டா பூதக்கண்ணாடியா குடுக்க முடியும்? ஒரு எலுமிச்சம்பழம் அளவுக்குப் போட்டுடுங்க. அதுல நம்ம இந்தியாவையும் வரைஞ்சிடுங்க. பார்க்க லட்சணமா இருக்கும்."

மனுஷனைக் குறை சொல்ல மாட்டேன். நாம் இருக்கிற இடம் என்றால் கொஞ்சம் பெரிசாகத்தானே வரைவோம்? குரூப் ஃபோட்டோ கையில் வந்தால் முதலில் யாரைத் தேடுகிறோம்? சூரியன் எவ்வளவு பெரிசாக இருந்தாலும் நமக்குப் பரவாயில்லை. நாம் சின்னதாக இருப்பதுதான் பொறுக்காது.

ஆனால் அளவு என்று வந்துவிட்டால் எனக்குத் தாட்சண்யம் கிடையாது.

"போடலாம் சார். ஆனா பூமி எலுமிச்சம்பழம்னா சூரியன் பதினாலு அடி ஆவும். உங்க ஸ்கூலு வாசப்படி எவ்ளோ உசரம்?"

"ஏழடி இருக்கும்."

"அப்ப கூரையைப் பிரிச்சுதான் எறக்கணும். தேதி சொல்லுங்க, வந்து பிரிச்சித் தரோம்."

பக்கத்தில் அச்சு ஊற்றிக்கொண்டிருந்த அஞ்சலை களுக்கென்று சிரித்துவிட்டாள். என்னோடு இருபது வருஷமாக வேலை பார்க்கிறவள். அவள் சிரித்தால் ஊருக்கே கேட்கும்.

எச்.எம். விடவில்லை. அவர் தமிழ் வாத்தியாராக இருந்து மேலே வந்தவர். வாதத்தில் லேசில் விழ மாட்டார்.

"அது கெடக்கட்டும். நான் படிச்சேன், சூரியனுக்குள்ள பதிமூணு லட்சம் பூமியைப் போட்டு ரொப்பலாம்னு. டீச்சர் நூத்தி ஒம்போதுங்கறாங்க. எங்க நூத்தி ஒம்போது, எங்க பதிமூணு லட்சம்? வர்றவங்க கேட்டா நான் எதைச் சொல்றது?"

"ரெண்டும் சரிதான் சார்" என்று டீச்சர் ஆரம்பித்தாங்க. கன அளவு, கன மடங்கு என்றெல்லாம் சொன்னாங்க. சார் மண்டையில் ஒன்றும் ஏறவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கும் ஏறவில்லை.

"அஞ்சல, அந்த ரெண்டு தூண் உருண்டை அச்சையும் எடு" என்றேன். சின்ன அச்சு அஞ்சு அங்குலம். பெரிய அச்சு பத்து. "சார், சின்னதுக்கு இந்த பிளாஸ்டிக் மக்குல ஒரு மக்கு களிமண் பால் புடிக்கும். பெருசோட அகலம் அதைப்போல ரெண்டு மடங்கு. பெருசுக்கு எத்தினி மக்கு புடிக்கும்?"

"ரெண்டு" என்றார் யோசிக்காமல்.

அஞ்சலை ஊற்றினாள். ரெண்டு மக்கு ஊற்றியும் அச்சின் அடிவயிறுதான் நனைந்திருந்தது.

"மூணு... நாலா?" என்றார் சார். அஞ்சலை ஊற்றிக்கொண்டே இருந்தாள். ஆறு. ஏழு. எட்டாவது மக்கில்தான் வாய் வரைக்கும் தளும்பி நின்றது.

"எட்டா!" என்றார்.

"ஆமா சார். அகலத்துக்கு ஒரு ரெண்டு, உசரத்துக்கு ஒரு ரெண்டு, ஆழத்துக்கு ஒரு ரெண்டு. பெருக்கிப் பாருங்க."

டீச்சருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "அதேதான் சார்! இங்க ரெண்டு. சூரியனுக்கு நூத்தி ஒம்போது. அகலத்துக்கு ஒரு நூத்தி ஒம்போது, உசரத்துக்கு ஒண்ணு, ஆழத்துக்கு ஒண்ணு..." ஃபோனைத் தட்டி நீட்டினாங்க. பன்னிரண்டு லட்சத்துத் தொண்ணூற்றைந்தாயிரத்துச் சொச்சம்.

சார் ஃபோனைப் பார்த்தார். அச்சைப் பார்த்தார். நானும்தான் பார்த்தேன். எட்டு மக்கு என்பது எனக்குத் தினம் பார்க்கிற விஷயம். அதற்குள் பதிமூன்று லட்சம் பூமி ஒளிந்திருந்தது அன்றைக்குத்தான் தெரியும்.

"சரி. உங்க கடுகையே வையுங்க" என்றார் எச்.எம். "ஆனா ஒண்ணு டீச்சர். வர்றவங்க 'பூமி எங்க'ன்னு கேட்டு சிரிச்சாங்கன்னு வெய்யுங்க... அடுத்த வருசம் இந்த மாடல் கீடல் எதுவும் கெடையாது. பழையபடி சார்ட்டுதான். நான் ஒரு ரப்பர் பந்துக்கு நீலப் பெயின்ட்டு அடிச்சித் தயாரா வெச்சிருப்பேன். சொல்லிட்டேன்."

டீச்சர் தலையை ஆட்டினாங்க. நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். இருந்தேனா?

"அளவு மயிரிழை பிசகுனாலும் நானே திருப்பி எடுத்துக்கினு வந்துடுறேன் சார்."

இப்போது அந்தத் துண்டுத் தாளுக்கு வருகிறேன்.

எங்கள் யூனிட்டில் 'அளவு' என்று யாரும் மொட்டையாகச் சொல்ல மாட்டோம். 'பச்சை அளவா, வெந்த அளவா?' என்றுதான் கேட்போம். ஏனென்றால் எங்கள் மண் வேகும்போது சுருங்கும். பத்தில் ஒரு பங்கு போய்விடும். ஃபியூஸ் கேரியருக்கு வருகிற படத்தில் எப்போதும் வெந்த அளவுதான் போட்டிருக்கும். அதனால் தாளில் நம்பரைப் பார்த்தாலே என் கை தானாகக் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளும்.

சேர்த்துக்கொண்டது. ரெண்டு புள்ளி ஆறில் பச்சையாக உருட்டினேன். ஊசி முனையில் குத்தி எடுத்து, நீலம் தொட்டு, ஒரு டீ கப்புக்குள் போட்டுச் சூளைக்கு அனுப்பினேன். வெந்து வந்தது. அளந்தேன். அச்சாக ரெண்டு புள்ளி மூணு! அஞ்சலையைக் கூப்பிட்டு மூன்று தரம் காட்டினேன். அவ்வளவு பெருமை.

அடுத்த செவ்வாய்க்கிழமை சூளையைத் திறந்து சூரியனை எடுத்தார்கள். மஞ்சளும் ஆரஞ்சுமாக, தகதகவென்று.

"என்னாக்கா, சூரியன் எளைச்சிப் போச்சி?" என்றாள் அஞ்சலை.

ஸ்கேலை எடுத்து வைத்துப் பார்த்தேன்.

பத்து அங்குல அச்சு. வெந்து வந்த சூரியன் ஒன்பது அங்குலம். டீச்சர் அளந்தது அச்சை. அது பச்சை அளவு! பச்சைச் சூரியனுக்குப் போட்ட கணக்கை நான் வெந்த பூமிக்கு வைத்துவிட்டேன். தாளை எடுத்து வகுத்துப் பார்த்தேன். நூற்றி ஒன்பது வரவில்லை. நூறுகூட வரவில்லை. என் பூமி பெருத்துப் போயிருந்தது. ரெண்டு புள்ளி ஒண்ணு இருக்க வேண்டியது.

இந்தத் தப்பை வேறு ஊர்க்காரர்கள் செய்திருக்கவே முடியாது. மண் சுருங்கும் என்று தெரியாதவர், ரெண்டையும் அப்படியே உருட்டிப் போட்டிருப்பார். ரெண்டும் ஒரே மாதிரி சுருங்கி, கணக்கு தானாகச் சரியாகியிருக்கும். தெரிந்தவள் செய்த தப்பு இது. ஒரே ஒரு வார்த்தை — 'பச்சையா, வெந்ததா?' — புதுசாக வேலைக்கு வருகிறவர்களுக்கு முதல் நாள் நான் சொல்லித் தருகிற வார்த்தை. அதைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

"அக்கா, கடுகுல போயி கோணல் பார்க்கறியே... யாரு அளக்கப் போறாங்க?" என்றாள் அஞ்சலை.

"நான் அளந்துட்டனே!"



டீச்சருக்கு ஃபோன் போட்டேன். விஷயத்தைக் கேட்டு முதலில் சிரித்தாங்க. அப்புறம் குரல் இறங்கிவிட்டது. "ஐயோ, நான் அச்சையில்ல அளந்தேன்... மண்ணு சுருங்கும்னு எனக்குத் தெரியாதும்மா. பரவாயில்ல, வுடுங்க. புள்ளி ரெண்டுதான?"

"ஒங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். கேக்காதது என் தப்பு. வெள்ளிக்கெழம காலையில சரியான பூமி வரும்" என்று வைத்துவிட்டேன்.

புதன்கிழமைச் சூளைக்கு ஒன்பது பூமி உருட்டினேன். வியாழன் சாயங்காலம் கப்பை எடுத்தால், அவசரத்தில் பூசிய நீலம் உருகி, ஆறு பூமி அடியில் ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்கிறது. மீதி மூன்றில் ரெண்டு இளைத்துப் போயிருந்தது. ஒன்றே ஒன்று... வெர்னியரில் ரெண்டு புள்ளி ஒண்ணு. பாஸ்!

அதைத்தான் வெள்ளிக்கிழமை பேப்பரில் மடித்து எடுத்துக்கொண்டு போனேன். சூரியன் முந்தின நாளே போய், ஸ்கூல் வராண்டா மேஜையில் ஏறி உட்கார்ந்துவிட்டது. கேட்டாண்ட எச்.எம். நின்றிருந்தார். டீச்சரும் நாலாம் கிளாஸ் பிள்ளைகளும் ஓடி வந்தார்கள்.

"எங்கம்மா பூமி?" என்றார் சார்.

பேப்பரைப் பிரித்தேன். யாரோ மைதானத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தார்கள். புழுதி. தும்மல்.

மீதிதான் முதல் வரியிலேயே சொல்லிவிட்டேனே.

டீச்சர் முகத்தைப் பார்க்க முடியவில்லை எனக்கு. சார் ஒன்றும் திட்டவில்லை. உள்ளே போனார், பந்தோடு வந்தார். பளபளவென்று நீலப் பெயின்ட், நடுவில் இந்தியா, எலுமிச்சம்பழம் அளவு.

"அரை மணியில எல்லாரும் வந்துடுவாங்க. இதையே வெச்சிடலாமா டீச்சர்?" மெதுவாகத்தான் கேட்டார். அதுதான் இன்னும் சங்கடமாக இருந்தது.

என் பர்ஸுக்குள் இன்னொரு பூமி இருந்தது. அந்த ரெண்டு புள்ளி மூணு. எடுத்து மேஜையில் வைத்தால் ஒரு ஆளுக்கும் வித்தியாசம் தெரியாது. பந்துக்கு அது எவ்வளவோ தேவலாம். கை பர்ஸ் வரைக்கும் போய்விட்டது. ஜிப்பையும் திறந்துவிட்டேன்.

மூடிவிட்டேன். ரிஜெக்ட் ஆனது ரிஜெக்ட்தான். ஊருக்கு ஒரு அளவு, எனக்கு ஒரு அளவா?

"பத்து நிமிசம் குடுங்க சார், தேடிடலாம்" என்று மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். என் முட்டிக்கு அது லேசான காரியம் இல்லை. பிள்ளைகளும் மடமடவென்று மண்டி போட்டுவிட்டார்கள்.

"இதுவா ஆயா?"

"இல்ல, அது பழுப்பா இருக்குது. கல்லு."

"இதுவா ஆயா?"

"அதுவும் கல்லுடி."

ரெட்டைச் சடை போட்ட ஒருத்தி, மூன்று தரம் 'கல்லு' வாங்கியவள், இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள்: "கல்லா இருந்தா என்னா ஆயா? அளவு சரியா இருக்குதா பாரு. டீச்சரு அளவுதான முக்கியம்னாங்க?"

நான் அவளைப் பார்த்தேன். டீச்சரைப் பார்த்தேன். டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரிக்கிறாங்க.

பையிலிருந்து வெர்னியரை எடுத்தேன். ரெண்டு புள்ளி ஒண்ணில் வைத்து, திருகை இறுக்கினேன். இடுக்கில் நுழையாமல் நின்றால் பெரிசு. நழுவிக் கீழே விழுந்தால் சின்னது. நடுவில் கவ்விக்கொண்டு நின்றால் பூமி. அவள் கொடுத்த மணல் பொடிக் கல்லை வைத்தேன். விழுந்துவிட்டது.

"ரிஜெக்ட்!"

குனிந்து இன்னொன்று எடுத்தாள். நுழையவில்லை. ரிஜெக்ட். அடுத்தது... இடுக்கில் போய் நின்றது. ஆட்டினேன். விழவில்லை.

"பாஸ்!" என்றேன். யூனிட்டில் எத்தனை ஆயிரம் தரம் சொல்லியிருப்பேனோ. ஒருத்தரும் அந்த வார்த்தைக்கு இப்படிக் குதித்ததில்லை.

அவ்வளவுதான், முப்பது பிள்ளைகளும் வரிசை கட்டிவிட்டார்கள். "ஆயா என்து!" "ஆயா, என்து போன தரம் கொஞ்சந்தான் பெருசு, இன்னொரு தரம் பாரு ஆயா!" "அவன் தேய்ச்சி எடுத்துக்கினு வரான் ஆயா!" தேய்த்தால் என்ன, அளவு வந்தால் சரி. பாஸ் ஆனவர்கள் உள்ளங்கையைப் பொத்திக்கொண்டு நடந்தார்கள். மூச்சுப் பட்டால் போய்விடும் என்று வாயைக்கூடத் திறக்கவில்லை.

கடைசியில் யாரோ எனக்கு நேராகக் கையை நீட்டினார்கள். பெரிய கை. நிமிர்ந்தால் எச்.எம்.!

வைத்துப் பார்த்தேன். நுழையவில்லை. "ரிஜெக்ட் சார்."

"கொஞ்சம் விட்டுக்குடுங்களேம்மா."

"டீச்சர்கிட்ட கேட்டுட்டு வாங்க."

பெரிய மனுஷர்கள் வந்தார்கள். சூரியனைப் பார்த்தார்கள். வெள்ளைச் சட்டை போட்ட ஒருத்தர், எதிர்பார்த்த மாதிரியே கேட்டார்: "சூரியன் இருக்குது. பூமி எங்கப்பா?"

முப்பது உள்ளங்கை ஒரே சமயத்தில் விரிந்தது.

அவர் சிரிக்கவில்லை. குனிந்தார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஒரு கையைப் பார்த்தார், மேஜை மேலே சூரியனைப் பார்த்தார், மறுபடியும் கையைப் பார்த்தார். "இதுலயா... நாம எல்லாரும் இருக்குறோம்?" என்றார். குரல் கொஞ்சம் இறங்கித்தான் இருந்தது.

"ஆமா சார்" என்றாள் ரெட்டைச் சடை. "நம்ம விருத்தாசலம், கம்மாபுரம், சேத்தியாத்தோப்பு எல்லாம் இதுக்குள்ளதான் இருக்குது. கெட்டியா மூச்சு வுடாதீங்க."

அடுத்த வருஷம் சார்ட்டா மாடலா என்று எச்.எம்.மிடம் நான் கேட்கவில்லை. கேட்க வேண்டியும் இல்லை. கிளம்பும்போது அவரே வந்து, "அம்மா, வர்ற வருசம் நிலாவும் சேர்த்துப் போட முடியுமா?" என்றார். நீலப் பந்து இன்டர்வெல்லில் கிரிக்கெட்டுக்குப் போய்விட்டது. நல்ல பந்துதான், நன்றாக எழும்புகிறது.

டீச்சர் கேட் வரைக்கும் கூட வந்தாங்க. "அம்மா, ஒண்ணு சொல்லட்டுமா? இந்தச் சூரியனுக்கு இந்தப் பூமின்னா, ரெண்டுக்கும் நடுவுல இருபத்தஞ்சு மீட்டர் தூரம் இருக்கணும். மேஜைக்கிட்ட வெக்கிறதே தப்பு."

தப்பு என்று காதில் விழுந்துவிட்டால் எனக்குக் கால் நிற்காது. திரும்பி வராண்டாவுக்குப் போனேன். மேஜையிலிருந்து நடை போட்டு எண்ணிக்கொண்டே வந்தேன். என் நடைக்கு இருபத்தஞ்சு மீட்டர் என்றால் முப்பத்தெட்டு நடை வரும். முப்பத்தாறு... முப்பத்தேழு... முப்பத்தெட்டு. நிமிர்ந்து பார்த்தால் எதிரே கேட்!

அப்படியென்றால் என் பூமி தொலையவில்லை. இருக்க வேண்டிய இடத்தில்தான் கிடக்கிறது.

அந்தப் பக்கம் போனால், கொஞ்சம் பார்த்து மிதிங்க.